சேலத்தில் நில அதிர்வைத் தாங்கும் வீடு: மனை பார்ப்பதிலிருந்து மொட்டை மாடித் தொட்டி வரை

சேலத்தில் வீடு கட்டப் போகிறவரிடம் நிலநடுக்கம் என்று பேச்சை எடுத்தால், "நம் ஊர் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது, இங்கே என்ன ஆகப் போகிறது?" என்ற பதில் உடனே வரும். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இமயமலையைப் போல இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொள்ளும் விளிம்பிலும் நாம் இல்லை. அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி.

மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி மக்களும் 1993 வரை அப்படித்தான் நம்பினார்கள். அன்றைய வரைபடத்தில் அவர்கள் மாவட்டம் அபாயம் மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அதிகாலையில் 6.2 அளவில் நிலம் அதிர்ந்தது. கில்லாரியைச் சுற்றிய ஊர்களில் மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நமக்குப் பக்கத்திலேயே, 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் சுமார் 6 அளவில் ஓர் அதிர்வு வந்திருக்கிறது. 2018 ஜூலையில் சேலம், தருமபுரிக்காரர்கள் உணர்ந்த 3.3 அளவு அதனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தர விதியின் 2016 பதிப்பு சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. சென்னையும் கோவையும் அதே மண்டலம். திருச்சியும் மதுரையும் நமக்கு ஒரு படி கீழே, இரண்டாம் மண்டலத்தில் இருக்கின்றன. திருச்சியில் உள்ள மைத்துனர் வீட்டு வரைபடத்தை வாங்கி வந்து அப்படியே இங்கே கட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் படி: எந்த விசைக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்வது

இந்தக் கணக்கைப் பொறியாளர் செய்வார். ஆனாலும் வீட்டுக்காரர் ஒரு முறை கூடவே போட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு கம்பிக் கட்டில் எதையும் விட்டுக்கொடுக்க மனம் வராது.

கீழ்த்தளமும் மாடியும் தலா 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். தளம், சுவர், பூச்சு, தரை ஓடு எல்லாம் சேர்த்து அந்த வீடு ஏறக்குறைய 200 டன் இருக்கும். தரை எவ்வளவு பலமாக ஆடும் என்பதற்கு மூன்றாம் மண்டலத்துக்கு விதி தரும் எண் 0.16. வடிவமைப்புக்கு அதில் பாதி, 0.08. குட்டையான, விறைப்பான கட்டடம் தரையின் ஆட்டத்தைப் பெருக்கி வாங்கிக்கொள்ளும், அதற்கு 2.5 மடங்கு. பெருக்கினால் 0.20. அதாவது வீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 40 டன் விசை பக்கவாட்டில் தள்ளும்.

ஆனால் பொறியாளர் 40 டன்னுக்கு வடிவமைப்பதில்லை. அதை ஐந்தால் வகுத்து 8 டன் என்று எடுத்துக்கொள்கிறார், பாதுகாப்புக்கான 1.5 காரணியைச் சேர்த்தாலும் 12 டன்தான். இந்தத் தள்ளுபடியை விதி ஒரு நிபந்தனையின் பேரில் தருகிறது. பெரிய அதிர்வு வந்தால் தூணும், தூண்களைக் கிடையாக இணைக்கும் பீமும் பட்டென்று முறியாமல் வளைந்து, விரிசல் விட்டு, ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும். வளைந்து கொடுக்கும் அந்தக் குணத்தை எப்படிக் கம்பி கட்டி வரவழைப்பது என்பதைச் சொல்வது ஐ.எஸ். 13920. மூன்றாம் மண்டலத்தில் அது கட்டாயம். வரைபடத்தில் தள்ளுபடியை எடுத்துக்கொண்டு, வேலை நடக்கும் இடத்தில் அந்தக் கம்பிக் கட்டைக் கைவிட்டால், 40 டன் வரக்கூடிய இடத்தில் 8 டன்னுக்கான எலும்புக்கூடுதான் நிற்கும். கீழே வருகிற அத்தனையும் இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதற்கான வேலைகள்.

பாறைத் தரைக்குச் சலுகை உண்டா என்று கேட்பீர்கள். விதியின் வளைகோட்டில் பாறை மேல் உள்ள கட்டடத்துக்கும் ஊசல் நேரம் (கட்டடம் ஒரு முறை இரு பக்கமும் ஆடி வர எடுக்கும் நேரம்) 0.4 நொடி வரை அதே 2.5தான். இரண்டு மாடி வீட்டின் ஊசல் நேரம் 0.2 நொடி அளவில் இருக்கும். ஆகவே சாதாரண வீட்டுக்குப் பாறையால் இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அஸ்திவாரம் இறங்காது என்ற நன்மை மட்டும் உண்டு.

இரண்டாம் படி: மனை

சேலம் நகரம் முழுக்கப் பாறை என்பதும் பொய். திருமணிமுத்தாற்றின் கரையோரம், பழைய ஏரிகளின் நீர்ப்பிடிப்பு, ஓடையை மூடி எழுந்த மனைப்பிரிவுகள் இவற்றிலெல்லாம் பாறைக்கு மேலே பல அடிக்குக் கொட்டி நிரப்பிய மண் கிடக்கும். அதற்குள் இடித்த கட்டடக் கழிவும் குப்பையும் கலந்திருக்கும். அத்தகைய மண் அதிரும்போது இறுகி இறங்கும். வீட்டின் ஒரு மூலை பாறையிலும் மறு மூலை நிரப்பு மண்ணிலும் இருந்தால் இறக்கம் ஒரே சீராக இருக்காது.

மனையின் இரண்டு எதிர் மூலைகளிலாவது குழி தோண்டிப் பாருங்கள். பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணறு போட்டவரிடம் எத்தனை அடியில் பாறை தட்டியது என்று கேளுங்கள். செலவில்லாத மண் பரிசோதனை அது. மாடி வைத்துக் கட்டுவதானால் முறையான மண் பரிசோதனை அறிக்கையே வாங்கிவிடுங்கள். நிரப்பு மண் இருந்தால் அதைத் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரைக்கும் அஸ்திவாரம் இறங்க வேண்டும். எல்லாத் தூண்களின் அடியையும் தரைமட்ட பீம் ஒன்றோடொன்று கட்டிப்போட வேண்டும்.

மூன்றாம் படி: வரைபடத்திலேயே தவிர்க்க வேண்டியவை

நான்கு பேர் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும் நாளில் ஒரு ரப்பரால் அழித்துவிடக்கூடிய தவறுகளைப் பிறகு எந்தக் கம்பியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அவற்றில் முதலாவது, கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விடுவது. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடிகளைப் பாருங்கள். மேலே தளத்துக்குத் தளம் செங்கல் சுவர் அடைத்திருக்கும். கீழே வெறும் தூண்கள். அதிர்வில் மேல் பகுதி ஒரே கட்டியாக நகரும். வளைவு முழுவதும் அந்த ஒரே தளத்தின் தூண்கள் தலையில் விழும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை இந்த வகை.

கார் நிறுத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சில தூண்களுக்கு நடுவே அஸ்திவாரத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்புங்கள். அது இரு திசைகளிலும் வேண்டும். கட்டடத்தின் ஒரே ஓரத்தில் குவியாமல் பரவியிருக்க வேண்டும். லிஃப்ட் சுவரை மட்டும் ஒரு மூலையில் கான்கிரீட்டாகக் கட்டிவிட்டு மற்ற பக்கத்தை அப்படியே விட்டால், கட்டடம் அந்த மூலையை அச்சாக வைத்து முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, கீழே தூணே இல்லாமல் முதல் மாடியில் பீமின் மேல் புதிதாகத் தூண் முளைப்பது. சாலைப் பக்கம் மாடியை நீட்டி, நீட்டிய முனையில் தூண் நிறுத்தும் ஆசை நம் ஊரில் நிறையவே இருக்கிறது. அதிர்வு விசையைத் தாங்கும் சட்டகத்தில் இத்தகைய அந்தரத் தூணை 2016 விதி அனுமதிப்பதில்லை. கீழே கடைக்கு இடம் வேண்டும் என்றால் மேலே அறையைச் சிறிதாக்குங்கள்.

மூன்றாவது, தூணை ஒட்டி அரைச் சுவர் வைத்து அதற்கு மேல் வரிசையாக ஜன்னல் விடுவது. பத்தடித் தூணில் ஏழடியைச் சுவர் பிடித்துக்கொண்டால் மிச்சம் மூன்றடிதான் வளைய முடியும். அந்த மூன்றடி முறியும். பள்ளிகளிலும் கழிப்பறைச் சன்னல்களிலும் இதுதான் வழக்கமான கோளாறு.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டைத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுகிறார்கள். இரு வீட்டின் தளமும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், பக்கத்து வீட்டுத் தளம் உங்கள் தூணின் நடுவில் வந்து மோதும். இடைவெளி விடுங்கள், உயரம் கூடக் கூட அதுவும் கூட வேண்டும். அதைக் குப்பையாலோ சாந்தாலோ அடைக்காமல் மேலே தகடு போட்டு மூடுங்கள்.

நான்காம் படி: தூண், பீம், ரிங்

தூணின் அளவில்தான் முதல் சண்டை வரும். ஒன்பது அங்குலச் சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் 230 மில்லிமீட்டர் தூணைத்தான் வீட்டுக்காரர்கள் விரும்புகிறார்கள். ஐ.எஸ். 13920 கேட்பது குறைந்தது 300 மில்லிமீட்டர். பீமின் பெரிய கம்பி விட்டத்தைப் போல 20 மடங்கு அதைவிட அதிகமானால் அந்த அளவு. 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 320 வந்துவிடும். அப்படியானால் அறை மூலையில் தூண் நான்கு விரற்கடை துருத்திக்கொண்டு நிற்கும், பீரோ சுவரோடு ஒட்டாது. துருத்தும் பக்கத்தை வெளிப்புறமாகவோ அலமாரிக்குள்ளோ கதவு மறைவிலோ திருப்பி வைக்க வரைபடத்திலேயே இடம் கண்டுபிடியுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் துருத்தட்டும். துருத்தும் மூலை வீட்டின் அழகைக் கெடுக்கிறது என்று வருத்தப்படுபவர்களோடு எனக்கு அனுதாபம் இல்லை.

சந்திக்கும் இடத்தில் தூண்களின் வலிமை பீம்களின் வலிமையைப் போல 1.4 மடங்காவது இருக்க வேண்டும். பீம் விரிசல் விட்டால் தளம் தொங்கும், ஆள் வெளியே வந்துவிடலாம். தூண் போனால் மேலே உள்ள மாடி முழுவதும் வந்துவிடும். பீமுக்கு 20 மில்லிமீட்டர் கம்பியும் தூணுக்கு 12 மில்லிமீட்டர் கம்பியும் போட்ட வரைபடத்தைப் பார்த்தால் உடனே பொறியாளரைக் கேளுங்கள்.

இனி ரிங், அதாவது தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம். சேலத்தில் ஒரு வீட்டின் தலையெழுத்து பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பணி நடக்கும் இடங்களில் நான் காண்பது, ரிங்கின் இரு முனையும் 90 பாகையில், வெறும் மூலையாக மடங்கியிருப்பது. தூண் அதிர்ந்து மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மூலை விரிந்து ரிங் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் நெடுங்கம்பி வெளியே பிதுங்கும். முனை 135 பாகைக்கு, அதாவது தூணின் நடுவை நோக்கி உள்ளே மடங்க வேண்டும். மடக்கிய பிறகு மிஞ்சும் நேர் முனை 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு ரிங்கின் கொக்கி ஒரு மூலையில் இருந்தால் அடுத்த ரிங்கின் கொக்கி வேறு மூலையில் இருக்கட்டும்.

இடைவெளிக்குக் கணக்கு இது. தூணின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும் குறைந்தது 450 மில்லிமீட்டர் நீளத்துக்கு ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும். நெருக்கம் என்றால் தூணின் சிறிய அளவில் கால் பங்கு, மிகச் சிறிய நெடுங்கம்பி விட்டத்தின் ஆறு மடங்கு, 100 மில்லிமீட்டர் இந்த மூன்றில் எது குறைவோ அது. 300 மில்லிமீட்டர் தூணில் 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் 75 மில்லிமீட்டர், மூன்று அங்குலம். நடுப்பகுதியில் 150 போதும். பத்தடி உயரத் தளத்தில் வழக்கமான 200 மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஒரு தூணில் சுமார் 14 ரிங் வரும். விதிப்படி போட்டால் சுமார் 25. எட்டு மில்லிமீட்டர் கம்பியில் ஒரு ரிங் 400 கிராம் சொச்சம். பன்னிரண்டு தூண், இரண்டு தளம் என்றால் கூடுதலாகக் கேட்பது ஏறத்தாழ 120 கிலோ கம்பி. நடு முகங்களிலும் கம்பி இருந்தால் அவற்றைப் பிடிக்கும் குறுக்குக் கொக்கிகளும் சேரும். வாசல் கதவுக்குத் தேக்கு வாங்கும் வீட்டில் இது ஒரு பொருட்டா?

தூணும் பீமும் சந்திக்கும் முடிச்சில் ரிங் போடுவது கம்பி கட்டுபவருக்குப் பிடிக்காத வேலை. பீம் கம்பிகள் நான்கு பக்கமிருந்தும் வந்து அடைத்துக்கொள்ளும், கை நுழையாது. "பீம் கம்பியே பிடித்துக்கொள்ளும் சார்" என்பார். பிடித்துக்கொள்ளாது. பீம் கம்பியை வைப்பதற்கு முன்பே முடிச்சுக்கான ரிங்குகளைத் தூணில் கோத்துவிட்டால் வேலை எளிது.

பீமிலும் இதே விதம்: தூண் முகத்திலிருந்து பீம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வரை நெருக்கம், முதல் ரிங் தூணிலிருந்து 50 மில்லிமீட்டருக்குள். தூண் கம்பியின் ஒட்டு, அதாவது கீழ்க் கம்பியோடு மேல் கம்பியைச் சேர்த்துக் கட்டும் இடம், தளத்துக்கு மேலே உடனே வரக் கூடாது, தூணின் நடுப் பாதியில் வர வேண்டும்; எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் ஒட்டாமல் பாதிப் பாதியாக மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் தளத்தை ஒட்டியே கம்பியை நீட்டி விட்டுவிட்டு அங்கேயே ஒட்டுப் போடுவது நம் ஊர் வழக்கம். அதற்கு மேஸ்திரியிடம் கம்பி வெட்டும் முன்பே பேசிவிட வேண்டும். வெட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

கம்பி வாங்கும்போது எஃப்.இ. 500 டி என்று கடைசியில் டி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் கூடுதலாக நீண்டு பிறகே அறும் வகை அது. கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம் 20க்குக் குறையாமல் இருக்கட்டும். கலவை இறங்கவில்லை என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் கையைத் தடுங்கள். மே மாத வெயிலில் போட்ட தூணுக்குச் சாக்குச் சுற்றி இரண்டு வாரம் தண்ணீர் காட்டுங்கள்.

கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தைய மாலை ஒரு டேப்புடன் போய் முடிச்சு, தூண் தலை, ஒட்டு மூன்றையும் அளந்து கைப்பேசியில் படம் எடுத்துப் பொறியாளருக்கு அனுப்புங்கள். அவர் சரி என்ற பிறகே கலவை இயந்திரம் வர வேண்டும். இந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தூண் இல்லாத சுவர் வீடு

ஒன்றிரண்டு தளத்துக்குத் தூண் எழுப்பாமல் செங்கல் சுவரையே நம்பிக் கட்டுவதில் தவறில்லை. ஒழுங்காகக் கட்டிய சுவர் வீடு அரைகுறைத் தூண் வீட்டைவிட மேல். அதற்கான விதி ஐ.எஸ். 4326. கொத்தனார்கள் 'பெல்ட்' என்று சொல்லும் கான்கிரீட் பட்டை எல்லாச் சுவர் மேலும் அறுபடாமல் ஓட வேண்டும்: அடித்தள மட்டத்தில் ஒன்று, கதவு, ஜன்னல் தலைக்கு மேலே லிண்டல் மட்டத்தில் ஒன்று, ஓட்டுக் கூரை என்றால் கூரையடியில் இன்னொன்று. பெட்டியைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவது மாதிரி அது நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடிக்கும். கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டுதுண்டாக லிண்டல் போட்டால் அது பெல்ட் ஆகாது. குறைந்தது 75 மில்லிமீட்டர் கனமும் இரண்டு கம்பியும் வேண்டும். மூலையில் கம்பி அடுத்த சுவருக்குள் வளைந்து நுழைய வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் சுவர்ச் சந்திப்பிலும் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை ஒரு நெட்டுக் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் விடுங்கள். ஜன்னலை மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள்.

ஆறாம் படி: ஏற்காட்டில் கட்டுபவர்களுக்கு

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனதும் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே வீட்டைக் காட்டிலும் அது நிற்கும் சரிவுதான் முதல் கவலை. மேல் பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் தள்ளிச் சமப்படுத்திய மனையில், பாதி வீடு வெட்டிய கெட்டித் தரையிலும் பாதி தளர்ந்த மண்ணிலும் அமரும். வீடு முழுவதையும் வெட்டிய பக்கமே வைத்துக்கொண்டு நிரப்பிய பகுதியைத் தோட்டத்துக்கு விடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சரிவு சிறிய அதிர்வுக்கும் நழுவும். ஆகவே தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளைகளும், சுவருக்குப் பின்னால் ஜல்லி அடுக்கும், மேலே மழைநீரைத் திருப்பும் வாய்க்காலும் வீட்டுக்கு முன்பே முடிய வேண்டும். வீட்டுக்கு மேலே தொக்கி நிற்கும் உருண்டைப் பாறை இருந்தால் அதற்கு முதலில் வழி பாருங்கள்.

பள்ளத்தாக்குக் காட்சிக்காகக் கால்களின் மேல் நிறுத்தும் விடுதிகள் அங்கே பெருகிவிட்டன. மேட்டுப் பக்கத் தூண் ஒரு மீட்டர், பள்ளப் பக்கத் தூண் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பு உயரத்தின் முப்படிக்கு எதிர் விகிதத்தில் மாறும் என்பதால் குட்டைத் தூண் 27 மடங்கு விறைப்பாக இருக்கும். தள்ளும் விசையில் பெரும் பங்கை அதுவே வாங்கி முதலில் முறியும். சரிவைப் படிகளாக வெட்டி ஒவ்வொரு படியிலும் தூண்கள் ஏறக்குறைய ஒரே உயரம் வரும்படி அமைப்பது நல்லது. முடியாவிட்டால் பள்ளப் பக்கத்தில் கான்கிரீட் சுவர் கொடுத்து விறைப்பைச் சமன் செய்யச் சொல்லுங்கள். குட்டைத் தூண்களுக்கு அடி முதல் தலை வரை முழு நீளத்துக்கும் நெருக்க ரிங் போடச் சொல்லுங்கள். மலையைத் தாங்கும் தடுப்புச் சுவரை வீட்டுத் தூண்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மண்ணின் தள்ளல் வீட்டுக்குள் வரக் கூடாது.

எஸ்டேட் பக்கத்துப் பழைய கல் வீடுகள் லாத்தூர் வீடுகளின் உறவினர்கள். இரு முகக் கல்லுக்கு நடுவே சிறு கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிய சுவர், அதிர்வில் இரண்டாகப் பிளந்து உப்பும். புதிதாகக் கல் சுவர் கட்டினால் கனம் 450 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். இரண்டடி உயரத்துக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் நான்கடிக்கு ஒன்று வீதம் சுவரின் முழுக் கனத்துக்கும் நீளும் கட்டுக்கல் வையுங்கள். மங்களூர் ஓட்டு வீடுகளில் முக்கோணச் சுவர்தான் முதலில் வெளியே விழும். அதை மரச் சட்டம், தகடு போன்ற லேசான பொருளால் அமைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

ஏழாம் படி: மொட்டை மாடி

ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். செங்கல் அடுக்கி அதன் மேல் பலகைக் கல் வைத்துத் தொட்டியை உட்கார வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, தூண்களுக்கு நேர் மேலே கான்கிரீட் பீடம் அமைத்துத் தொட்டியைக் கட்டுங்கள். சூரிய வெந்நீர்க் கலனையும் போல்ட் போட்டு இறுக்குங்கள். கைப்பிடிச் சுவருக்கு நடுநடுவே சிறு கான்கிரீட் தூணும் மேலே பட்டையும் வேண்டும். தெருவில் ஓடி வருபவர்கள் தலையில் விழுவது அதுதான்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கு

கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, கம்பி கண்டறியும் கருவியால் தூணில் ரிங் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். திறந்த தரைத்தளம் உள்ள அடுக்குமாடி என்றால் சங்கக் கூட்டத்தில் வர்ணம் அடிக்கும் தீர்மானத்துக்கு முன்னால் இதை வையுங்கள். சில தூண் இடைவெளிகளில் புதிய கான்கிரீட் சுவரை அஸ்திவாரத்தோடும் தூணோடும் பிணைத்து எழுப்புவது, தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு போர்த்துவது ஆகிய இரண்டும் பழக்கமான முறைகள். நான்கு கார் நிறுத்துமிடம் போகும், அதற்குச் சண்டையும் வரும்.

செங்கல் வீட்டுக்கு வேலை குறைவு. லிண்டலுக்குச் சற்று மேலே சுவரின் இரு முகத்திலும் பூச்சைப் பெயர்த்து, பற்றவைத்த கம்பி வலையைச் சுற்றி ஓடவிட்டு, இரு பக்க வலையையும் சுவர் வழியே கம்பியால் கோத்து, அடர்த்தியான சிமென்ட் சாந்து பூசினால் விட்டுப்போன பெல்ட்டுக்கு அது ஈடாகும். மூலைகளில் அதே வலையை நெட்டாக இறக்குங்கள். கல் சுவர் வீட்டில் இரு முகத்தையும் பிணைக்க, இடைவிட்டு இடைவிட்டு ஒரு கல்லை எடுத்து, குறுக்கே துளைத்து, இரு முனையும் கொக்கியான கம்பியை வைத்துக் கான்கிரீட்டால் அடைக்கலாம். கொத்தனாரும் உதவியாளரும் அறை அறையாகச் செய்யக்கூடிய வேலை இது. வீட்டைக் காலி செய்யத் தேவையில்லை. படுக்கையறையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.